முற்றத்துக் குளத்து மீன்கள் ஏன் சாகின்றன?

வீட்டில் வளர்த்த மீன் ஒரு நாள் காலையில் வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்தால், நம்மவர்களில் பலர் அதற்கு ஒரு காரணம் தயாராக வைத்திருக்கிறார்கள். "வீட்டுக்கு வரவிருந்த கெடுதலை அது தன் தலையில் வாங்கிக்கொண்டு போயிற்று" என்பார்கள். கேட்பதற்கு ஆறுதலாகத்தான் இருக்கிறது. மீனுக்குத் தியாகிப் பட்டம் கிடைத்து விடுகிறது. வளர்த்தவருக்கோ யாதொரு பொறுப்பும் இல்லாமல் போய்விடுகிறது. மறு வாரமே கடையில் இன்னும் நாலு மீன் வாங்கி அதே ஜலத்தில் விடுகிறார்கள். அவையும் தியாகம் செய்கின்றன.

இந்த நம்பிக்கையை நாம் பரிகாசம் செய்து தள்ளிவிட மாட்டோம். ஏனெனில், அதற்குள் ஓர் உண்மை மறைந்து கிடக்கிறது. நம்மிடம் படித்த பையன் ஒருவன் ஒரு நாள் வகுப்பு முடிந்த பிறகு தயங்கித் தயங்கி வந்து நின்றான். அவனுடைய பாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வீட்டுக் குளத்துத் தங்கமீன்கள் ஏழும் ஒரே இரவில் மாண்டனவாம். பாட்டியோ பிழைத்து வீடு வந்து சேர்ந்தாள். "மீன்கள்தான் பாட்டியைக் காப்பாற்றினவா, ஸார்?" என்று கேட்டான். நாம் விவரங்களை ஒவ்வொன்றாக விசாரித்தோம். பன்னிரண்டு நாள் வீட்டார் அனைவரும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்திருக்கிறார்கள். குளத்தைப் பார்ப்பார் இல்லை. பாட்டியை விசாரிக்க வந்த உறவினர்களோ, குழந்தை குட்டிகளோடு குளத்தண்டை நின்று, ஆளுக்கு ஒரு பிடி பொரியும் பிஸ்கோத்தும் அள்ளிப் போட்டிருக்கிறார்கள். நீரூற்றை இயக்கும் மோட்டாரை எவரோ நிறுத்தியவர் நிறுத்தியபடியே விட்டிருக்கிறார். ஆகவே, குடும்பத்துக்குத் துன்பம் வரும்போது மீன் சாவது மெய்தான். துன்பம் வந்த வீட்டில் குளத்தைக் கவனிக்க ஆள் இராது. இதைச் சொன்னதும் பையன் சற்று நேரம் யோசித்தான். "அப்படியானால் அவை செத்திருக்க வேண்டியதில்லை, அல்லவா?" என்றான். அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரையில் பதில் சொல்லப் புகுந்தோம்.

மீனுக்கு ஜலம் போதும் என்று எண்ணுகிறோம். ஜலத்துக்குள் இருக்கும் பிராணவாயுவே அதற்கு உயிர் என்பதை மறந்து விடுகிறோம். நாம் சுவாசிக்கும் காற்று ஒரு லிட்டரில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் பிராணவாயு உண்டு. தண்ணீரிலோ, 20 டிகிரி வெப்பத்தில் லிட்டருக்கு 9 மில்லிகிராம்தான் கரையும். 30 டிகிரியில் அதுவும் ஏழரையாகக் குறைந்து விடும். எட்டடி நீளம், ஐந்தடி அகலம், இரண்டரை அடி ஆழம் உள்ள ஒரு முற்றத்துக் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கன அளவு 100 கன அடி. அதாவது சுமார் 2,830 லிட்டர். சித்திரை வெயிலில் அந்தக் குளம் முழுவதிலும் உள்ள பிராணவாயுவைத் திரட்டி நிறுத்தால் 21 கிராம் இருக்கும். மூன்று சவரன் நகையின் எடைகூட இல்லை! இந்தச் சொற்ப ஆஸ்தியில்தான் மீன்களும், பாசியும், அடியில் மக்கும் இலைகளும், கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி கிருமிகளும் குடித்தனம் நடத்த வேண்டும்.

பகலில் செடிகளும் பாசியும் சூரிய வெளிச்சத்தில் பிராணவாயுவை வெளியிடுகின்றன. அஸ்தமித்த பிறகு அவையே அதை உட்கொள்ளத் தொடங்கி விடுகின்றன. ஆதலால் இரவு ஏற ஏற இருப்புக் குறைந்துகொண்டே வந்து, விடிவதற்குச் சற்று முன்னால் மிகக் குறைந்த நிலையை அடைகிறது. ஜலம் பச்சைப் பசேலென்று இருக்கும் குளங்களில் இந்த ஏற்ற இறக்கம் மிகவும் கடுமை. "ராத்திரி நன்றாகத்தானே நீந்திக்கொண்டிருந்தது!" என்று அங்கலாய்க்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குளத்தின் க்ஷேமத்தை அறிய விரும்புவோர் மாலை ஐந்து மணிக்குப் போய்ப் பார்ப்பதில் பயனில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து போகவேண்டும். மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தால் அது பசியன்று, மூச்சுத் திணறல். அப்பொழுது இரை போடுவது கொலைக்குச் சமானம். ஒரு செம்பை எடுத்துக் குளத்து நீரையே மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள். நீரூற்று இருந்தால் ஓட விடுங்கள். ஜலம் சிதறச் சிதறக் காற்று அதில் கலக்கும்.

இங்கே ஒரு வேடிக்கை. மின்சாரச் செலவுக்கும் சத்தத்துக்கும் அஞ்சி நம் வீடுகளில் நீரூற்றைப் பகலெல்லாம் ஓட விட்டு இரவில் நிறுத்தி விடுகிறார்கள். மனிதரின் கண்ணுக்கு அது பகலில் வேண்டும். மீனின் செவுளுக்கு இரவில் வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியுமென்றால் எதைச் செய்வது என்பது சொல்லாமலே விளங்கும்.

பிராணவாயு விஷயத்தில் நம் நாட்டு மீன்கள் சில அதிசயமான ஏற்பாடு செய்து வைத்திருக்கின்றன. விராலும் பனையேறிக் கெண்டையும் மேலே வந்து காற்றையே நேராகச் சுவாசிக்க வல்லவை. 1791-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ப் என்னும் டேனிஷ் சேனை அதிகாரி, குளக்கரைப் பனைமரம் ஒன்றில் இந்தக் கெண்டை ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாக எழுதி வைத்து ஐரோப்பியப் பண்டிதர்களைத் திகைக்க வைத்தார். பெயரிலேயே பனையை வைத்துக்கொண்டிருக்கும் மீனைப் பற்றி நமது குடியானவர்கள் அவ்வளவு திகைத்திருக்க மாட்டார்கள். ஆனால் சீன தேசத்திலிருந்து வந்த தங்கமீனுக்கும், ஜப்பானின் நீகாட்டா மலைக் கிராமங்களில் வர்ணம் பிரித்து வளர்க்கப்பட்ட கோய்க் கெண்டைக்கும் இந்த வித்தை கிடையாது. குளிர்ந்த நீரில் பழகிய ஜாதிகள் அவை. அவற்றுக்கு நம் ஊர் வெயிலில் நிழல் மிகவும் அவசியம். குளத்தின் மேற்பரப்பில் பாதியளவுக்கு அல்லியோ தாமரையோ மூடியிருந்தால் நீரின் சூடும் தணியும். வெளிச்சம் கிடைக்காமல் பச்சைப் பாசியும் அடங்கும். முழுவதும் மூடிவிட்டாலோ காற்றுப் படும் இடம் போய்விடும்.

அடுத்த சத்துரு அம்மோனியா. மீன் தன் உடம்பின் கழிவைப் பெரும்பாலும் செவுள்களின் வழியே அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாத இரையும் மக்கி அதுவாகவே மாறும். ஆற்றில் என்றால் வெள்ளம் கொண்டுபோய் விடும். முற்றத்துக் குளத்திலோ, மீன் தன் கழிவிலேயே வாசம் செய்கிறது. இயற்கை இதற்கும் வழி செய்திருக்கிறது. ஒரு வகை நுண்கிருமிகள் அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக்கும்; வேறொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் விஷம். மூன்றாவது செடிகளுக்கு எரு. செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ருஷிய விஞ்ஞானி 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தக் கிருமிகளைப் பிரித்து அறிந்து சொன்னார். வடிகட்டியில் உள்ள சரளைக் கல்லிலும் பஞ்சிலும் வழவழப்பாகப் படிந்திருப்பது பெரும்பாலும் இவற்றின் குடியிருப்பே.

நமக்குத் தெரிந்த கனவான் ஒருவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் ஆசையோடு ஒரு குளம் கட்டினார். கட்டி முடித்த அன்றே நாற்பது மீன்களைக் கொண்டுவந்து விட்டார். பத்தாம் நாள் பாதி மீன்கள் மடிந்தன. உடனே ஜலம் முழுவதையும் இறைத்து, வடிகட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, குழாயைத் திறந்து புதுநீர் நிரப்பினார். மறுநாள் மீதிப் பாதியும் மடிந்தன. சுத்தத்தில் அவருக்கு இணையானவரை நாம் கண்டதில்லை. துரதிர்ஷ்டம் என்னவென்றால், அவர் தேய்த்துக் கழுவியது மீன்களைக் காப்பாற்ற வந்த சேனையைத்தான்.

புதுக் குளத்தில் இந்தச் சேனை திரண்டு எழ நாலு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். ஆகையால் முதலில் இரண்டு மூன்று மீன்களுக்கு மேல் விடலாகாது. சிமெண்டுக் குளமாயின் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து நீரில் காரம் ஏறும். நம் பக்கத்தில் வாழைத் தண்டை வெட்டிப் போட்டு ஊற வைத்து, நீரை மாற்றி மாற்றிக் காரத்தை இறக்குவார்கள். காரம் ஏறிய நீரில் அம்மோனியாவின் கொடுமை பன்மடங்காகும். காரமும் புளிப்பும் சமமாயுள்ள நீரில், அதாவது பி.எச். 7 என்ற அளவில், 25 டிகிரி வெப்பத்தில், மொத்த அம்மோனியாவில் 200-இல் ஒரு பங்குக்குச் சற்று மேலாகத்தான் விஷ ரூபத்தில் இருக்கும், பி.எச். 9 ஆனாலோ மூன்றில் ஒரு பங்கு விஷமாகி விடும். பாசி மண்டிய குளங்களில் பிற்பகல் வேளையில் இந்த 9 சாதாரணமாக எட்டக்கூடியதே. அம்மோனியாவைச் சோதிக்கும் சொட்டு மருந்து இப்பொழுது மீன் கடைகளில் கிடைக்கிறது. இன்னொரு ஜோடி மீன் வாங்கும் பணத்தை அதற்குச் செலவிடுவது புத்திசாலித்தனம்.

நீர் மாற்றுவதாயின், வாரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு அல்லது நாலில் ஒரு பங்கு மாற்றினால் போதும். நகரசபைக் குழாய்நீரில் உள்ள குளோரின் நமக்கு நன்மை, செவுளுக்கு நெருப்பு. அகன்ற தொட்டியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். அவசரமாயின், பழைய போட்டோக்காரர்கள் இருட்டறையில் உபயோகித்த ஹைப்போ இருக்கிறதே, அதுவேதான் கடையில் குளோரின் போக்கும் சொட்டாக விற்கிறது. ஆழ்குழாய்க் கிணற்று நீரில் குளோரின் இராது என்று மகிழ வேண்டாம். பூமிக்கு அடியிலிருந்து வருவதால் பிராணவாயுவும் அதில் அற்பமாகவே இருக்கும். அதையும் நன்றாகச் சிதறவிட்டே சேர்க்க வேண்டும். வடிகட்டியைக் கழுவுவதென்றால் குளத்து நீரிலேயே இலேசாக அலசுங்கள்.

இரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து நிமிஷத்துக்குள் மீன்கள் தின்று தீர்ப்பதற்கு மேல் போடுவதெல்லாம் அம்மோனியாவுக்குப் போடுவதே. கோவில் குளத்தில் பொரி போட்டுப் பழகிய கைகளுக்கு இது சற்றுச் சிரமந்தான். மூடாக்கான நாட்களில் இரையைக் குறைக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது நாலைந்து நாள் பட்டினி கிடந்தால் வளர்ந்த மீனுக்கு ஒரு கேடும் வராது. பக்கத்து வீட்டாரிடம் டப்பாவை ஒப்படைத்துவிட்டுப் போவதுதான் அபாயம்.

வியாதிகள் பெரும்பாலும் புது மீனோடு வந்து சேருகின்றன. சென்னையில் கொளத்தூரிலிருந்து வாங்கினாலும் சரி, தெருமுனைக் கடையில் வாங்கினாலும் சரி, வந்த மீனை மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்க்காமல் குளத்தில் சேர்க்கக் கூடாது. உடம்பெங்கும் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றினால் அது ஒட்டுண்ணி வியாதி. அந்தப் பூச்சி மீனின் தோலுக்கு அடியில் இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. முற்றியதும் கீழே உதிர்ந்து, அடியில் ஒட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிளந்து மீண்டும் மீனைத் தேடி நீந்தும். அந்த நீந்தும் பருவத்தில்தான் அது சாகும். புள்ளிகள் மறைந்தவுடன் வைத்தியத்தை நிறுத்துகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். அயோடின் சேராத கல்லுப்பு லிட்டருக்கு 3 கிராம் வீதம், இரண்டு மூன்று நாளில் சிறிது சிறிதாகக் கரைத்துச் சேர்த்து, பத்து நாளாவது வைத்திருக்க வேண்டும். நாம் மேலே சொன்ன குளத்துக்கு எட்டரைக் கிலோ ஆகும். தாமரையும் அல்லியும் உப்பைத் தாங்கமாட்டா. அவற்றை முன்கூட்டியே வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவது உத்தமம்.

மீனின் விலாவில் நூல்போல் தொங்கும் நங்கூரப் புழு உண்மையில் புழுவன்று. இறாலுக்குத் தூரத்து உறவான ஜந்து. தலையைச் சதைக்குள் புதைத்துக்கொண்டிருக்கும். ஈர வலையில் மீனைப் பிடித்து, முள்வாங்கியால் அடியோடு பற்றி எடுப்பார்கள். தைரியம் உள்ளவர் செய்யலாம். செதில்கள் யாவும் சிலிர்த்து, வயிறு ஊதியிருக்கும் மீனுக்கு நம்பிக்கை சொற்பம். அதைத் தனியே பிரித்து வைப்பது மற்றவற்றுக்கு நல்லது.

குளத்தில் கொசு உற்பத்தியாகும் என்று அஞ்சுவோருக்கு மீன்களே காவல். தங்கமீன் கொசுப்புழுவை ஆவலுடன் தின்னும். ஆனால் பாசியைத் தின்று சுத்தம் செய்யும் என்று கடைக்காரர்கள் தலையில் கட்டும் 'டேங்க் கிளீனர்' மீனை மட்டும் வாங்காதீர்கள். முழங்கை நீளம் வளர்ந்தபின் என்ன செய்வதென்று தெரியாமல் ஏரியிலும் கால்வாயிலும் கொண்டுபோய் விடுகிறார்கள். சென்னையைச் சுற்றிய நீர்நிலைகளில் அது இப்பொழுது வேரூன்றி, வலையைக் கிழித்து மீனவர்களைத் தொல்லைப்படுத்துகிறது. குளத்தில் மீன் மிகுந்துவிட்டால் இன்னொரு குளம் உள்ளவருக்குக் கொடுங்கள். ஏரிக்குக் கொடுக்க வேண்டாம்.

கொக்கும் மீன்கொத்தியும் அதிகாலையில் வரும். பூனை எப்பொழுதும் வரும். கரை செங்குத்தாகவும் ஆழம் இரண்டரை அடிக்குக் குறையாமலும் இருந்தால் இவற்றுக்குப் பெரும்பாலும் ஏமாற்றமே. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வேறொரு கவலை உண்டு. அடைமழையில் கூரைத் தண்ணீர் முழுவதும் குளத்தில் விழுமாறு குழாய் வைத்திருந்தால் அதைத் திருப்பி விடுங்கள்; திடீரென்று பாதிக் குளம் மழைநீராக மாறுவது மீனுக்கு ஆகாது. நீர் வழியும் துவாரத்துக்குக் கொசுவலைத் துணியைக் கட்டி, மழைக்கு நடுவே ஒரு தடவை போய் அதில் இலை அடைத்திருக்கிறதா என்றும் பார்த்து விடுங்கள். அடைத்திருந்தால் குளம் கரை புரண்டு, காலையில் மீன்களைத் தெருச் சாக்கடையில் தேட வேண்டியிருக்கும்.