பாப் பாடல் காணொளியைப் பிரித்துப் பார்த்தல்

பாடல் காணொளி எடுக்கத் திட்டமிடும் மாணவர்களுக்கு முதல் வேலை, ஏற்கெனவே வந்தவற்றை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது. பிரிட்டனின் ஊடகவியல் வகுப்புகளில் இதற்குப் பெரிதும் கைகொடுப்பது ஆண்ட்ரூ குட்வின் 1992-இல் வெளியிட்ட ஆய்வு. காட்சி பாடல் வரியை அப்படியே காட்டுகிறதா, கூடுதல் பொருள் சேர்க்கிறதா, சம்பந்தமில்லாமல் போகிறதா என்று அது கேட்கச் சொல்கிறது.

ஓகே கோ குழுவின் 'ஹியர் இட் கோஸ் அகெய்ன்' (2006) நல்ல பாடம். எட்டு டிரெட்மில், நால்வர், அசையாத கேமரா, ஒரே ஷாட். படத்தொகுப்புக்கு வேலையே இல்லை. உழைப்பு முழுதும் ஒத்திகையில். கிராமி விருதும் கிடைத்தது. பணமில்லாத மாணவருக்கு இதைவிட ஆறுதல் வேண்டுமா?

கோல்ட்ப்ளேயின் 'தி சயின்டிஸ்ட்' (2002) வேறு ரகம். காட்சிகள் பின்னோக்கி ஓடும். வாயசைப்பு மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்தும். அதற்காகப் பாடகர் கிறிஸ் மார்ட்டின் வரிகளைத் தலைகீழாகப் பாடப் பழகினார். ஒரு யோசனையின் உழைப்பு எங்கே விழும் என்பதை இப்படித்தான் கணக்கிட வேண்டும்.

பார்க்கும்போதே நொடி, ஷாட்டின் அளவு, கேமரா அசைவு, வெட்டு தாளத்தில் விழுகிறதா என்பவற்றைக் குறித்துக்கொண்டால், அந்தக் குறிப்பே சொந்த ஸ்டோரிபோர்டுக்கு முன்மாதிரி. படப்பிடிப்பில் பாடலைச் சத்தமாக ஒலிக்கவிட்டே பாட வைக்க வேண்டும். இல்லையேல் வாயசைப்பு ஒட்டாது. முடித்ததை இணையத்தில் ஏற்றுமுன் பாடல் உரிமையாளரின் அனுமதி தேவை.