ஏடு காத்தலும் வன்தட்டுத் தேர்தலும்

பனையோலையில் எழுதிய நூல் என்றும் நிலைப்பதன்று. கறையானும் ஈரமும் காலமும் அதனை அரித்துவிடும். இதனை நன்கறிந்த நம் முன்னோர், ஏடு நைவதற்கு முன்னரே அதனைப் பார்த்து வேறோர் ஏட்டில் எழுதி வைத்தனர். ஓரூரில் இருந்த ஏடு அழிந்தபோதும் வேறோரூரில் இருந்த பிரதி பிழைத்தது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 ஆம் ஆண்டிலே கலித்தொகையையும், அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அவர்கள் சீவகசிந்தாமணியையும் அச்சேற்றியமை, பல இடங்களிற் சிதறிக்கிடந்த ஏடுகளைத் தேடித் திரட்டி ஒப்புநோக்கியதன் பயனேயாகும். பிரதி ஒன்றேயாக இருந்து அதுவும் அழிந்திருப்பின், அப்பெரியோரின் உழைப்புக்கு இடமே இருந்திராது.

இதற்கு மாறான நிகழ்ச்சியையும் நம் சமூகம் அறியும். 1981 ஆம் ஆண்டு மே 31 ஆந் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறிடங்களிற் பிரதியுள்ள நூல்களை மீண்டும் தேடிப் பெறலாம். ஒரே பிரதியாக அங்கிருந்த ஏடுகளையும் கையெழுத்துப் படிகளையும் எவரால் மீட்க முடியும்? இரண்டாண்டுகளின் பின், 1983 யூலையில், கொழும்பிலே தமிழர் வீடுகள் எரிக்கப்பட்டன. வெள்ளவத்தை முதலிய இடங்களில் வாழ்ந்த பல குடும்பங்கள் பொருளோடு காணி உறுதிகளையும் சான்றிதழ்களையும் நிழற்படங்களையும் இழந்தன. பொருளை மீண்டும் தேடியவர் உளர். தாய் தந்தையரின் மணக்கோலப் படத்தைத் தேடிப் பெற்றவர் அரியர்.

இன்று அத்தகைய செல்வங்களுட் பெரும்பகுதி கணினிக்குள் புகுந்துவிட்டது. குடும்பப் படங்கள், உறுதிகளின் படிகள், மாணவர் எழுதிய கட்டுரைகள், பரீட்சை வினாத்தாள்கள் யாவும் அங்கேயே உள்ளன. இம்மலரின் பக்கங்களும் கணினியிற் கோக்கப்பட்டவையே. ஆகவே அவற்றுக்கு வேறொரு பிரதி எங்கே உள்ளது என்னும் வினா, பழைய மாணவர், பயில்வோர், ஆசிரியர் ஆகிய அனைவர்க்கும் உரியதாகின்றது. அவ்வினாவுக்கு விடையாகும் கருவிகளுள் ஒன்று, கடைக்காரர் ‘எக்ஸ்ரேணல் ஹார்ட் டிஸ்க்’ என வழங்கும் புற வன்தட்டு. லினக்ஸ் கணினி உடையோர் அதனை எவ்வாறு தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதை ஈண்டு விளக்க விழைகின்றோம். நாம் தமிழாசிரியரேயன்றிப் பொறியியலார் அல்லோம். எனினும் லினக்ஸிலேயே பாடக்குறிப்புகளைப் பேணிவரும் பழக்கத்தால் இதனை எழுதத் துணிந்தோம்.

1991 இல் பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், உரிமக் கட்டணமின்றிப் பெறத்தக்கது. பழைய கணினிகளிலும் இயங்க வல்லது. விண்டோஸ் 10 இற்கான பொதுப் பராமரிப்பு 2025 ஒக்ரோபர் 14 ஆந் திகதியுடன் முடிவுற்றது. புதிய பதிப்பை ஏற்காத கணினியை எறிய மனமில்லாதோர்க்கு உபுண்டு, மின்ற் முதலிய லினக்ஸ் வகைகள் நல்ல புகலிடமாகும். ஆனால் வன்தட்டுகளுடன் உற்பத்தியாளர் தரும் காப்பு மென்பொருள்கள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் மக்கின்ரொஷுக்கும் உரியவை. ஆதலின் பெட்டியின்மேல் அச்சிட்டுள்ள அவ்வசதிகளுக்காக அதிக விலை கொடுத்தல் லினக்ஸ் உடையோர்க்கு வீண்.

முதலில் ஒரு மயக்கத்தைக் களைவோம். கணினியில் இடம் போதாமையாற் கோப்புகளை வன்தட்டுக்கு மாற்றிவிட்டு மூலத்தை அழித்தல் காப்பு ஆகாது. பிரதி அப்பொழுதும் ஒன்றே. இருப்பிடம் மட்டுமே மாறியது. அவ்வாறே, எப்பொழுதும் கணினியுடன் இணைந்திருக்கும் வன்தட்டும் முழுமையான காப்பன்று. மின்னல் தாக்கினும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய நிரல் புகினும், இரண்டும் ஒருங்கே கெடும். ஆகவே 4 டெராபைற்றுக் கொண்ட ஒரு பெரிய வன்தட்டினும், 1 அல்லது 2 டெராபைற்றுக் கொண்ட இரண்டு வன்தட்டுகள் மேலானவை. ஒன்று வீட்டில் இருக்க, மற்றது வேறிடத்தில் இருத்தல் வேண்டும். இக்கட்டுரையில் ஒரு செய்தியை மட்டுமே நினைவிற்கொள்ள விரும்புவோர் இதனையே கொள்க.

கொள்ளளவை ஊகத்தால் அன்றிக் கணக்காற் காண்போம். ஏ4 அளவான ஒரு பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வண்ணத்தில் வருடிச் சுருக்காமல் வைத்தால், அஃது ஏறக்குறைய 26 மெகாபைற்று ஆகும். 100 பக்க மலர் ஒன்று 2.6 கிகாபைற்று, அத்தகைய 50 மலர்கள் 130 கிகாபைற்று. ஒரு படம் 4 மெகாபைற்று எனின், 10,000 குடும்பப் படங்கள் 40 கிகாபைற்று. இரண்டையும் சேர்த்தாலும் 1 டெராபைற்றின் ஐந்திலொரு பங்கை எட்டவில்லை. காப்பு மென்பொருள் கோப்புகளின் பழைய நிலைகளையும் சேர்த்து வைக்குமாதலால், கணினியில் உள்ள தரவைப்போல் இரண்டு மடங்கு கொள்ளும் வன்தட்டுப் போதும். 1 டெராபைற்று வன்தட்டை இணைத்தவுடன் கணினி 931 எனக் காட்டினால் வாங்கியவர் அஞ்சவேண்டியதில்லை. உற்பத்தியாளர் ஆயிரத்தாற் பெருக்குவர்; கணினி 1024 ஆற் பெருக்கும். வேறுபாடு அதுவே.

அடுத்து வகையை நோக்குவோம். 1956 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டு, இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டிருந்தும் ஏறக்குறைய 50 இலட்சம் எழுத்துகளையே தாங்கியது. இன்று உள்ளங்கையில் அடங்கும் 1 டெராபைற்று வன்தட்டு அதனைப்போல் இரண்டு இலட்சம் மடங்கு கொள்கின்றது. எனினும் தத்துவம் ஒன்றே: சுழலும் தட்டின்மேல் காந்தப் பதிவு. சுழலும் பாகம் இல்லாத எஸ்.எஸ்.டி. என்பது மற்றைய வகை. அது விரைவானது, கீழே விழினும் எளிதிற் பழுதுறாது. ஆனால் ஒரே கொள்ளளவுக்கு விலை மிகுதி. மின்னூட்டமாகப் பதிந்த தரவு, மின்னிணைப்பின்றிப் பல்லாண்டு கிடப்பின் கசிந்து அழியவும் கூடும். ஆகவே அலுமாரியில் வைத்துப் பேணுவதற்குச் சுழல் வன்தட்டும், புத்தகப் பையில் நாள்தோறும் கொண்டு திரிவதற்கு எஸ்.எஸ்.டி. யும் ஏற்றவை.

சுழல் வன்தட்டிலும் இரு பருமன்கள் உள. 2.5 அங்குல வகை யு.எஸ்.பி. வடத்தின் வழியாகவே மின்சாரம் பெறும். 3.5 அங்குல வகைக்குத் தனி மின்னிணைப்பு வேண்டும். பிரதியெடுக்கும் வேளையில் மின்சாரம் தடைப்பட்டால் அது இடையில் நின்றுவிடும். 2022 இன் நீண்ட மின்வெட்டுகளை மறவாதோர், மடிக்கணினியின் மின்கலத்தால் இயங்கும் 2.5 அங்குல வகையையே விரும்புவர். சில வன்தட்டுகளில் காந்தத் தடங்கள், ஓட்டு வீட்டின் ஓடுகள்போல ஒன்றன்மேல் ஒன்று சிறிது படிந்திருக்கும். எழுதியதை மாற்றி எழுதும்போது அவை வேகம் குன்றும். காப்புக்கு அஃது ஒரு குறையன்று. நாள்தோறும் வேலை செய்யும் வன்தட்டாக அவற்றைப் பயன்படுத்தலாகாது.

வன்தட்டு யு.எஸ்.பி. 3 வகையாயிருத்தல் நன்று. நொடிக்கு 100 மெகாபைற்று வீதம் எழுதின் 500 கிகாபைற்றுத் தரவு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடியும். பழைய யு.எஸ்.பி. 2 துளையில் அதற்கு நான்கு மணி நேரம் செல்லலாம். முதன்முறையே இவ்வளவு நேரம். பின்னர் மாறிய கோப்புகள் மட்டுமே எழுதப்படுமாதலால் சில நிமிடங்கள் போதும்.

லினக்ஸ் உடையோர் சிறப்பாகக் கவனிக்கவேண்டியது வன்தட்டின் கோப்பு முறைமையாகும். கடையிலிருந்து வருபவை பெரும்பாலும் எக்ஸ்ஃபற் அல்லது என்.ரி.எஃப்.எஸ். முறைமையுடன் வரும். இன்றைய லினக்ஸ் இரண்டையும் வாசிக்கவும் எழுதவும் வல்லது. ஆயினும் ஒரு கோப்பு எவர்க்குரியது, எவர் திறக்கலாம் என்னும் லினக்ஸ் குறிப்புகளை எக்ஸ்ஃபற் காப்பதில்லை. மாறாத கோப்பை மீண்டும் எழுதாமல் பழைய பதிவோடு இணைத்து இடத்தை மிச்சப்படுத்தும் முறைக்கும் அதில் வழியில்லை. ஆதலின் காப்புக்கென வாங்கிய வன்தட்டை, அதில் எதனையும் சேமிக்கும் முன்னரே, லினக்ஸுக்குரிய எக்ஸ்ற்4 முறைமைக்கு மாற்றிவிடுதல் தகும். இரு எச்சரிக்கைகள்: எக்ஸ்ற்4 வன்தட்டை விண்டோஸ் கணினியில் இணைத்தால் அதனை அறியாமல் ‘ஃபோர்மற் செய்யவா?’ என அது வினவும். உடன்பட்டால் யாவும் போம். ஆகவே ‘லினக்ஸ் வன்தட்டு, ஃபோர்மற் செய்யற்க’ என ஒரு தாளில் எழுதி ஒட்டுக.

மற்றைய எச்சரிக்கை தமிழர்க்கே உரியது. எக்ஸ்ற்4 முறைமையில் ஒரு கோப்பின் பெயர் 255 பைற்றுகளை விஞ்சலாகாது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைற்று. தமிழிலோ அடையாளம் ஒவ்வொன்றும் மூன்று பைற்று. உயிர்மெய்யில் மெய்க்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனியே இடம் வேண்டுமாதலால், ‘கொழும்பு’ என்னும் நான்கெழுத்துப் பெயர் 24 பைற்றுகளைக் கொள்கின்றது. ஆகவே நாற்பது எழுத்துகளுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெயர், விண்டோஸ் கணினியில் ஏற்கப்பட்டிருப்பினும், லினக்ஸ் வன்தட்டில் மறுக்கப்படலாம். பெயரைச் சுருங்க வைத்து, விரிவைக் கோப்பினுள்ளே எழுதுக. மேலும், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய கோப்புகள் இன்னும் பலரிடம் உள. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற குறிகளாகவே தோன்றும். எழுத்துருவையும் உடன் சேமித்து, யூனிகோட்டுக்கு மாற்றிய பிரதியொன்றையும் வைத்தலே அறிவுடைமை.

பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவிலோ வேறெங்கேனுமோ வாங்குவோர், உத்தரவாதச் சீட்டைக் கேட்டுப் பெறுக. ஆனால் உத்தரவாதம் வன்தட்டுக்கே உரியது. அதனுள் இருந்த படங்களுக்கு அன்று. மிகக் குறைந்த விலைக்கு மிகப் பெரிய கொள்ளளவு கூறப்படும் பொருள்களை ஐயுறுக. உள்ளே சிறிய நினைவகத்தை வைத்துப் பெரிதெனக் காட்டும் மோசடி உலகெங்கும் உண்டு. எஃப்3 என்னும் இலவச லினக்ஸ் நிரல், வன்தட்டு முழுவதையும் எழுதி, மீண்டும் வாசித்து, உண்மைக் கொள்ளளவை வெளிப்படுத்தும். வன்தட்டின் உடல்நலத்தை அதன் ‘ஸ்மார்ட்’ பதிவு ஓரளவு காட்டும்; ஆனால் அதில் எக்குறையும் தோன்றாமலே வன்தட்டுப் பழுதுறுதலும் உண்டு.

பிரதியெடுக்க டேஜா டப் என்னும் நிரல் எளியது. கட்டளைகளைத் தட்டெழுதத் தயங்காதோர்க்கு 1996 இல் தோன்றிய ஆர்சிங்க் இன்றும் சிறந்த துணை. வேலை முடிந்தபின் முறைப்படி விடுவித்த பின்னரே வடத்தைப் பிடுங்குக. இறுதியில் எழுதவேண்டியவற்றைக் கணினி சிறிது நேரம் தன்னிடமே வைத்திருத்தல் உண்டு. இடியுடன் மழை பெய்யும் மாலைகளில் வன்தட்டை இணைக்காதிருத்தல் நலம். வெள்ளவத்தையின் உப்புக் காற்று உலோகத்தை அரிக்குமாதலால், ஈரமுறிஞ்சும் சிறு பொதியுடன் மூடிய பெட்டியில் வைக்க.

இனி, இரண்டாவது வன்தட்டு எங்கே இருத்தல் வேண்டும்? வெள்ளவத்தையில் வாழ்பவர் கொட்டாஞ்சேனையிலுள்ள பழைய வகுப்புத் தோழரிடம் தம் வன்தட்டை ஒப்படைத்து, அவருடையதைத் தாம் ஏற்று, மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். பிறர் வீட்டில் வைப்பதாயின், லினக்ஸிலேயே உள்ள லக்ஸ் என்னும் பூட்டு முறையால் வன்தட்டை மறைகுறியாக்கம் செய்யலாம். அதன் கடவுச்சொல்லை மறந்தால் உரியவர்க்கும் வழியில்லை. ஆதலின் அதனைத் தாளில் எழுதி உறையிலிட்டு நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் கொடுத்து வைக்க.

கள்வருக்கும் வீட்டுத் தீக்கும் இவ்வேற்பாடு போதும். ஆனால் 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருக்கெடுத்துக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளை மூழ்கடித்ததையும், 1983 இல் ஒரே வாரத்தில் இந்நகரின் பல பகுதிகள் எரிந்ததையும் எண்ணும்போது, ஒரு நகருக்குள் இரண்டு இடம் என்பது போதிய தொலைவன்று எனத் தெளிகின்றோம். மூன்றாம் பிரதி யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கடல் கடந்தோ இருத்தல் வேண்டும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழும் பழைய மாணவர்க்கு இஃது எளிய தொண்டாகும். விடுமுறைக்கு வந்து மீளும்போது கல்லூரி மலர்களும் விழாப் படங்களும் அடங்கிய ஒரு வன்தட்டை உடன்கொண்டு சென்று வைத்திருத்தலினும் பயனுள்ள நன்கொடை யாது? பொதுவில் வைக்கத்தக்கவற்றை, ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிமமாக்கிவரும் நூலகம் இணைய நூலகத்துக்கும் அளித்தல் நன்று.

இறுதியாக ஒன்று. திறந்து பாராத காப்பு, காப்பு எனத் தகாது. ஆண்டுதோறும் வாணி விழாவில் ஏடுகளை அடுக்கிப் பூசித்து, விஜயதசமியன்று மீண்டும் விரித்து வாசிக்கின்றோம். அன்றைய தினமே வன்தட்டையும் இணைத்து, நாலைந்து கோப்புகளை வேறொரு கணினிக்கு மீட்டுத் திறந்து பார்ப்போமாக. எழுத்தும் படமும் பழுதின்றித் தோன்றினால் அக்கோப்புகளேனும் மீட்கத்தக்க நிலையில் உள்ளன என அறியலாம். தோன்றாவிடின், மூலம் கணினியில் இருக்கும்போதே வேறொன்று வாங்கி, மீண்டும் ஒரு பிரதி எழுதிவிடலாம்.