சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் திறன் மேலாண்மை: மாதச் சம்பளமும் கலைஞர் விலகலும்

ஆய்வுச்சுருக்கம்

சேலத்தில் 1935-இல் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், தென்னிந்தியத் திரைத்துறையின் முன்னோடி நிறுவனங்களுள் ஒன்று. அந்நிறுவனம் திறமையாளர்களைத் தேர்ந்த முறை, பணியமர்த்திய முறை, அவர்கள் விலகியபோது பணி தடைபடாமல் காத்த முறை ஆகியவற்றை இக்கட்டுரை திறன் மேலாண்மை நோக்கில் விளக்குகிறது. புகழ்பெற்ற ஒருவரை இறுதிவரை தக்கவைத்தலைவிட, எவர் விலகினாலும் படம் குறித்த காலத்தில் முடிவதை உறுதிசெய்தலே அதன் அடிப்படை உத்தி என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மாடர்ன் தியேட்டர்ஸ், டி. ஆர். சுந்தரம், திறன் மேலாண்மை, மாதச் சம்பளம், சேலம்

முன்னுரை

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையாயினும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் நிறுவனமாயினும், முதலாளிகளின் கவலை ஒன்றே. தொழில் பழகும்வரை உடனிருப்பவர், கை தேர்ந்ததும் தனிப்பட்டறை வைக்கிறார் அல்லது பெருநகரம் செல்கிறார். திறமையாளரைத் தேர்தல், வளர்த்தல், பொருத்தமான பணியில் அமர்த்தல், தக்கவைத்தல் என மேலாண்மையியல் இன்று வகுத்துரைக்கும் இச்சிக்கலை, இதே நிலப்பகுதியில் முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே பேரளவில் எதிர்கொண்ட நிறுவனம் மாடர்ன் தியேட்டர்ஸ். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்த அந்நிறுவனத்தின் வரலாறு பெரும்பாலும் சாதனைப் பட்டியலாகவே எழுதப்பட்டுள்ளது. முதல் மலையாளப் பேசும்படமான ‘பாலன்’ (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956), மலையாளத்தின் முதல் வண்ணப்படமான ‘கண்டம் பெச்ச கோட்டு’ (1961) என அப்பட்டியல் நீளும். அவற்றைச் செய்து முடித்த மனிதர்களை ஒரு முதலாளி எவ்வாறு திரட்டினார் என்னும் வினா குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளது.

இடமும் முறையும்

சேலம் சென்னையிலிருந்து ஏறத்தாழ 340 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. காரைக்குடியில் இயங்கிய ஏ.வி.எம். நிறுவனம் 1948-இல் சென்னைக்கு இடம்பெயர்ந்தது. கோவையில் படமெடுத்த ஜூபிடரும் பின்னர்ச் சென்னை சென்றது. சுந்தரம் சேலத்தை விட்டு அகலவில்லை. இம்முடிவு அவருடைய பணியமர்த்தல் முறையையே தீர்மானித்தது எனலாம். காலையில் ஒரு படத்திலும் மாலையில் வேறொரு படத்திலும் நடித்துத் திரும்பும் வசதி சேலத்தில் இல்லை. ஆகவே நடிகர், எழுத்தாளர், ஒளிப்பதிவாளர், தச்சர், மின்பணியாளர் ஆகியோரைத் தன்னகத்தே வைத்திருப்பது அந்நிறுவனத்திற்கு இன்றியமையாததாயிற்று. மாதச் சம்பளம் அதன் இயல்பான விளைவு.

திருச்செங்கோட்டைச் சேர்ந்த சுந்தரம், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றவர். ஆலைக்குரிய நேர ஒழுங்கைப் படப்பிடிப்புத் தளத்திற்கு அவர் கொண்டுவந்ததில் அக்கல்விக்கும் பங்குண்டு என ஊகிக்க இடமுண்டு.

திறமையைக் கண்டறிதல்

நிறுவனம் மூன்று ஊற்றுகளிலிருந்து ஆட்களைப் பெற்றது. முதலாவது நாடகக் குழுக்கள். பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் பயின்ற பி. யூ. சின்னப்பா, ‘உத்தம புத்திரன்’ (1940) படத்தில் தமிழ்த் திரையின் முதல் இரட்டை வேடத்தை ஏற்றார். இரண்டாவது வெளிநாட்டார். ‘பாலன்’ படத்தின் ஒளிப்பதிவாளர் ஜெர்மானியரான பாடோ குஷ்வாக்கர். அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இங்கே படம் இயக்கினார்.

மூன்றாவது ஊற்றே மிகவும் நோக்கத்தக்கது. 1940களின் இறுதியில் திராவிட இயக்க மேடைகளிலும் இதழ்களிலும் ஒரு புதிய உரைநடை உருவாகியிருந்தது. அதற்குத் திரையில் விலையுண்டு என்பதை உணர்ந்தோருள் சுந்தரமும் ஒருவர். கோவையில் ஜூபிடரின் ‘ராஜகுமாரி’ (1947) படத்தில் பணியாற்றிய மு. கருணாநிதி சேலத்திற்கு வந்து மாதச் சம்பளத்தில் எழுத்துப் பணி ஏற்றார். அதே ‘ராஜகுமாரி’யின் நாயகன் எம்.ஜி.ஆரும் கருணாநிதியும் ‘மந்திரி குமாரி’ (1950) படத்தில் மீண்டும் இணைந்தனர். பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ காவியம் ‘பொன்முடி’ (1950) ஆயிற்று. மாடர்ன் தியேட்டர்ஸ் நடத்திய ‘சண்டமாருதம்’ இதழில் பணியாற்றிய கண்ணதாசன், பின்னர் அந்நிறுவனத்தின் ‘இல்லற ஜோதி’ (1954) படத்திற்கு எழுதினார். ஒரு திரைப்பட நிறுவனம் இதழ் நடத்தியது விளம்பரத்திற்காகவே எனக் கொள்ளலாம். எனினும் எழுதத் தெரிந்த இளைஞர் ஒருவரைப் படத்தின் பெரும்பொறுப்பை ஒப்படைக்கும் முன் அருகிருந்து அறிந்துகொள்ள அது வாய்ப்பளித்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

பணியில் பொருத்துதல்

எம். என். நம்பியாரின் எடுத்துக்காட்டு இங்குச் சிறப்பாகப் பொருந்தும். 1950-இல் ‘திகம்பர சாமியார்’ படத்தில் பல வேடங்கள் புனையும் நாயகன் அவர். அதே ஆண்டு ‘மந்திரி குமாரி’யில் ராஜகுரு. மறு ஆண்டு ‘சர்வாதிகாரி’யில் வில்லன். நாயகனாக ஒருமுறை நடித்தவர் நாயகனாகவே தொடரவேண்டும் என்னும் படிநிலை நோக்கு இங்கு இல்லை. எந்தப் பாத்திரத்திற்கு எவர் தேவையோ அவர் அமர்த்தப்பட்டார். மாதச் சம்பள முறை இதனை எளிதாக்கியது. ஊதியம் வேடத்தின் உயர்வு தாழ்வைச் சாராதபோது, வேடத்தை மாற்றித் தருவது மதிப்புக் குறைவாகத் தோன்றுவதில்லை.

விலகலை எதிர்கொள்ளுதல்

‘மந்திரி குமாரி’ முடியுமுன்பே டங்கன் இந்தியாவை விட்டுச் சென்றார். எஞ்சிய பகுதியைச் சுந்தரமே இயக்கி முடித்தார். படத்தலைப்பில் இருவர் பெயரும் இடம்பெற்றன. முதலாளியே இயக்குநர் பணியறிந்தவராக இருந்தமையால் ஒருவரின் விலகல் நிறுவனத்தின் முடக்கமாக மாறவில்லை. படப்பிடிப்புக்கு வரத் தவறிய நட்சத்திரத்திற்காகக் காத்திராமல் மாற்று ஆளைக் கொண்டு அவர் காட்சியை முடித்தார் என்னும் செய்தி திரையுலக நினைவுக் குறிப்புகளில் மீண்டும் மீண்டும் வருகிறது. செவிவழிச் செய்திக்குரிய மிகை அதில் கலந்திருக்கலாம். ஆயினும் அவரைப் பற்றி இத்தகைய கதை நிலைத்ததே அவருடைய முறைக்கு ஒரு சான்றாகும்.

இதே காலத்தில் ஹாலிவுட் நிறுவனங்கள் நீண்டகால ஒப்பந்தங்களால் நடிகரைக் கட்டிவைத்தன. வேடத்தை மறுத்ததற்காக இடைநீக்கப்பட்ட காலத்தை ஒப்பந்தத்தின் ஏழாண்டுகளுக்கு மேல் கூட்டிக்கொள்ளும் வார்னர் பிரதர்ஸின் வழக்கத்தை எதிர்த்து நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் வழக்காடினார். 1944-இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கட்டிவைத்தல் தக்கவைத்தலாகாது என்பதை அந்நிறுவனங்கள் நீதிமன்றத்தில் கற்றன. சேலத்தில் கதவு இருபுறமும் திறந்திருந்தது. ‘பராசக்தி’ (1952) வழியே சென்னையில் பெரும்புகழ் பெற்ற கருணாநிதியும் சிவாஜி கணேசனும், மறு ஆண்டே மாடர்ன் தியேட்டர்ஸின் ‘திரும்பிப் பார்’ (1953) படத்தில் பங்கேற்றனர். கருணாநிதிக்கு அது பழைய நிறுவனம், சிவாஜிக்குப் புதிய நிறுவனம். முன்பு பணியாற்றியவர் நல்லுறவுடன் பிரிந்தால், அவருடைய வளர்ச்சியும் நிறுவனத்திற்குப் பயன்படும் என்பதற்கு இது தெளிவான சான்று.

முறையின் எல்லை

மாதச் சம்பளம் வளரும் கலைஞருக்குப் பாதுகாப்பு. படத்துக்கு இவ்வளவு எனப் பேசி ஊதியம் பெறும் நிலைக்கு உயர்ந்தவருக்கு அது தடை. 1950களில் சென்னையில் நட்சத்திரங்களின் ஊதியம் உயர்ந்தபோது, சேலத்தில் உருவானோர் அங்கே செல்வதைத் தடுக்க எந்த நிர்வாக உத்தியாலும் இயலாது. சுந்தரம் 1963-இல் மறைந்தபின் பொறுப்பேற்ற அவருடைய மகன் ராம சுந்தரம், பெரிய நட்சத்திரங்களைத் துரத்தாமல், அறிமுகமாகி ஓராண்டே ஆகியிருந்த ஜெய்சங்கரைக் கொண்டு ‘இரு வல்லவர்கள்’, ‘வல்லவன் ஒருவன்’ (இரண்டும் 1966) ஆகிய படங்களையும், பின்னர் ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) படத்தையும் தயாரித்தார். தந்தையின் தேர்வு முறை இங்கே தொடர்வதைக் காணலாம். ஆனால் 1950-இல் சேலத்திற்கு வந்த எழுத்தாளர் குடும்பத்துடன் அவ்வூரிலேயே வாழ்ந்தார். 1970-இல் வந்த நடிகர் படப்பிடிப்பு முடிந்ததும் அடுத்த படத்திற்காகச் சென்னை திரும்பினார்.