இரைச்சல் குறைகிறதா, இடம் மாறுகிறதா?

ஆரணியைப் போல அனகாபுத்தூரும் தறியால் பேரெடுத்த ஊர். வாழைநாரில் சேலை நெய்கிறார்கள். சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தின் முதன்மை ஓடுபாதைக்கு நேர் மேற்கே இருப்பதால், மேற்கு நோக்கிக் கிளம்பும் விமானங்களின் இரைச்சல் முதலில் பொழிச்சலூரிலும் அடுத்து அங்கும் இறங்குகிறது. இதைத் தணிக்கச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இரண்டு புறப்பாட்டு முறைகளைச் சொல்கிறது. ஒன்றில், 800 அடிக்கு மேல் எஞ்சின் விசையைக் குறைத்து, ஃபிளாப்பை (இறக்கையின் மடக்குத் தகட்டை) மடக்காமல், வேகமும் கூட்டாமல் 3,000 அடி வரை உயரம் பிடிப்பார்கள். ஓடுபாதையை ஒட்டிய வீடுகளுக்கு ஆறுதல். மற்றதில், 800 அடியிலிருந்தே வேகம் பிடித்து ஃபிளாப்பை மடக்குவார்கள்; எரிபொருள் மிச்சம், தூரத்து ஊர்களுக்கு நிம்மதி, பக்கத்து வீடுகளுக்குத் தொல்லை. குறைப்பு என்று சொல்லப்படுவதில் பாதி வெறும் இடமாற்றம்தான். இரைச்சல் யார் கூரைமேல் இறங்கும் என்பதை விமான நிறுவனமும் அதிகாரிகளும் மட்டும் பேசித் தீர்ப்பது நியாயமில்லை.

எங்கே எவ்வளவு இரைச்சல் என்று கணிக்கும் கணினி மாதிரி வெறும் ஊகம்தானே என்பார்கள். ஒவ்வொரு விமான வகைக்கும் எந்த விசையில், எத்தனை தூரத்தில், எத்தனை டெசிபல் என்ற அளவீட்டு அட்டவணைதான் அதன் அடிப்படை. எடை, வெயில், காற்று சேர்ந்தால் இரைச்சல் வரைபடம் பிறக்கும். சித்திரை வெயிலில் நிறைசுமையோடு கிளம்பும் விமானம் மெதுவாகவே ஏறும் என்பதும் அதில் தெரியும். மைக் வைத்து அளந்து சரிபார்க்கவும் முடியும். குறை வேறிடத்தில்: 2018-இல் மத்திய அரசு பரபரப்பான விமான நிலையங்களுக்கு வகுத்த பகல் 70, இரவு 65 டெசிபல் வரம்பு சராசரிக் கணக்கு. நள்ளிரவில் தூக்கத்தைக் கலைக்கும் ஒற்றை விமானம் சராசரியில் கரைந்துவிடும். புது எஞ்சின்கள் அமைதியானவை என்பது உண்மை. ஆனால் அதே விமானங்கள் இரட்டிப்பாகப் பறந்தால் சராசரி 3 டெசிபல் ஏறும்.

எரிபொருளை மிச்சப்படுத்தும் முறையே காற்றுக்கு நல்லது என்ற வாதம் கனமானது. முழு விசையின் வெப்பத்தில்தான் நைட்ரஜன் ஆக்சைடு பெருகுகிறது. விசையைக் குறைத்துக் கிளம்பினால் அது குறையும், ஆனால் விமானம் தாழ்வாகவே போகும். இருந்தாலும் விமானப் புகையைக் கணக்கிடும் உலக அளவுகோலைப் பாருங்கள்: கிளம்ப 0.7 நிமிடம், ஏற 2.2 நிமிடம், தரையில் ஊர்ந்து காத்திருக்க 26 நிமிடம். கார்பன் மோனாக்சைடும் எரியாத எரிபொருளும் பெரும்பாலும் இந்த ஊர்தலில் வருபவை. ஒற்றை எஞ்சினில் ஊர்ந்தும், வரிசையில் நிற்கும் நேரத்தைக் குறைத்தும் தரையில் மிச்சம் பிடிக்கட்டும்; அந்த மிச்சத்துக்காக அனகாபுத்தூரின் தூக்கத்தைக் கேட்கவேண்டாம். சென்னைக்காக 2022-இல் அறிவித்த புதிய பரந்தூர் விமான நிலையத்துக்கு, இரு முறைகளின் இரைச்சல் வரைபடங்களையும் தமிழில் அச்சிட்டுச் சுற்றுவட்டாரக் கிராம சபைகளில் வைக்க இப்போதே வழி இருக்கிறது. சுற்றிலும் மனைகள் விற்றுத் தீர்ந்தபின் இருக்காது.