மணலில் புதைந்த அப்பா பொம்மை

நியூயார்க்கில் ஒரு தனியார் பள்ளி. அங்கே சேர்ந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டாகியும் ஐந்து வயதுப் பையன் ஒருவன் யாரோடும் பேசிப் பழகவில்லை. மேசைக்கடியில் பதுங்குவான்; நெருங்கினால் பிறாண்டுவான். மூளை வளர்ச்சி குன்றியவனோ என்று வீட்டாரே சந்தேகப்பட்டார்கள். உளவியலாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் வாரம் ஒரு மணி நேரம் அவனைப் பொம்மைகள் நிறைந்த அறையில் விளையாட விட்டு, கூடவே உட்கார்ந்திருந்தார். அவனுக்கு வாசிக்கத் தெரியும் என்பது அங்கே தெரியவந்தது. ஒரு நாள் அப்பா பொம்மையை மணலில் புதைத்தான். ஆக்ஸ்லைன் கண்டிக்கவில்லை. நாளடைவில் நிஜ அப்பாவோடு அவன் பேசத் தொடங்கினான். பின்னர் எடுத்த சோதனையில் அவனுடைய நுண்ணறிவு ஈவு 168. 'டிப்ஸ்' என்று புனைபெயரிட்டு அவன் கதையை ஆக்ஸ்லைன் 1964இல் நூலாக்கினார்.

அந்த 168ஐப் பார்த்து நாம் மயங்க வேண்டியதில்லை. அறிவு அவனிடம் முன்பே இருந்தது. பயம் விலகியதும் வெளியே வந்தது, அவ்வளவே.

சொல்ல வராததை ஆடிக் காட்டுதல்

பெரியவர்கள் துக்கத்தை யாரிடமாவது கொட்டித் தீர்ப்போம். நான்கு வயதுப் பிள்ளைக்கு அதற்கான சொற்கள் ஏது? வயிறு வலிக்கிறது என்னும், படுக்கையை நனைக்கும், தம்பியைக் கடிக்கும். ஆஸ்பத்திரியில் ஊசி மேல் ஊசி வாங்கிய குழந்தை வீடு திரும்பியதும் கரடிப் பொம்மைக்கு ஓயாமல் ஊசி போடுவதைப் பலர் பார்த்திருப்போம். நேற்றுவரை நோயாளி, இன்று டாக்டர். நடந்ததை மாற்ற முடியாது. அதில் தன் இடத்தை மாற்றிக்கொள்ள முடிகிறது.

லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்டு 1920களின் இறுதியிலேயே மணல் தட்டும் சின்னச் சின்னப் பொம்மைகளும் வைத்துக் குழந்தைகளின் மனதை அறிய முயன்றார். போர்க்கால மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் சேர்ந்து மண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை புனைந்தார்கள். அது மருத்துவமனைச் சிகிச்சை அல்ல. ஆனால் அதுவும் நம்பியது விளையாட்டைத்தான்.

இப்படி விளையாட்டின் வழியே மனதை ஆற்றுவதுதான் விளையாட்டுச் சிகிச்சை. பெரும்பாலும் 3 முதல் 12 வயதுவரை உள்ளவர்களுக்கு இதைத் தருகிறார்கள். அறையில் பொம்மைக் குடும்பம், விலங்குகள், சொப்புச் சாமான், டாக்டர் பெட்டி, களிமண், வண்ணம், மணல் எல்லாம் இருக்கும். பேட்டரி பொம்மைகளைப் பெரும்பாலும் வைப்பதில்லை. அவை தாமே ஆடும், குழந்தை வேடிக்கை பார்க்கும்.

சும்மா இருப்பதுதான் கடினம்

நம் வீடுகளில் விளையாட்டும் பாடமாகிவிட்டது. "இது என்ன கலர், சொல்லு" என்று கேட்காமல் ஒரு பொம்மையைக் கையில் கொடுக்க நமக்கு வராது. சிகிச்சையாளர் கேள்வி கேட்பதில்லை, திருத்துவதில்லை, பாராட்டைக்கூட அளந்துதான் தருவார். "இது என்ன?" என்று பிள்ளை கேட்டால், "நீ என்னவா வச்சுக்கிறியோ அதுதான்" என்பார். யானை எல்லாரையும் தள்ளிவிட்டால், "யானைக்கு ரொம்பக் கோபம் போல" என்பார். "அழகா வரைஞ்சிருக்கே" என்பதற்குப் பதில், "வானத்துக்கு மூணு நிறம் நீயே யோசிச்சுப் போட்டிருக்கே" என்பார். முதல் பாராட்டில் மதிப்பெண் போடுவது பெரியவர். இரண்டாவதில் குழந்தை தன்னையே பார்க்கிறது. என் கோபத்துக்குப் பேர் உண்டு, என் முடிவு செல்லும், நான் ஓர் ஆள் என்ற நினைப்பு இப்படிச் சின்னச் சின்னத் தேர்வுகளில்தான் ஊன்றுகிறது.

செல்லம் கொடுத்துக் கெடுப்பதல்லவா இது என்று தாத்தா பாட்டிகள் கேட்கலாம். எல்லைகள் உண்டு. நேரம் முடிந்தால் முடிந்ததுதான். தன்னையோ சிகிச்சையாளரையோ அடிக்கக் கூடாது. மறுக்கும் விதம்தான் வேறு. "உனக்கு என் மேலே கோபம். ஆனா அடிக்கிறதுக்கு நான் இல்லை. அந்தத் தலையணையை அடிக்கலாம்." உணர்வுக்கு இடம், செயலுக்கு வேலி, கூடவே ஒரு மாற்று வழி. அமெரிக்காவின் கேரி லாண்ட்ரெத் பரப்பிய இந்த மூன்று படிகள் வீட்டிலும் பலிக்கும்.

எப்போது உதவி தேடுவது?

சண்டை, சாவு, கொள்ளை என்று பிள்ளைகள் விளையாடுவது இயல்பு. ஒரே ஆட்டம், மாறாத முடிவு, முகத்தில் துளி மகிழ்ச்சியும் இல்லை என்றால் கவனிக்க வேண்டும். 1976இல் கலிபோர்னியாவின் சௌச்சில்லாவில் பள்ளிப் பேருந்தோடு 26 குழந்தைகள் கடத்தப்பட்டார்கள். பின்னர் அவர்களை ஆராய்ந்த மனநல மருத்துவர் லெனோர் டெர் கண்டது இத்தகைய விளையாட்டைத்தான். அத்தகைய விளையாட்டு தானாக மனக்காயத்தை ஆற்றுவதில்லை.

பேச்சு திடீரென நின்றாலும், இழப்புக்குப் பின் உறக்கமும் உணவும் வெகுநாள் கெட்டாலும் குழந்தைகள் நல மருத்துவரிடம் போங்கள். ஆட்டிசம், செவித்திறன் குறை, வலிப்பு போன்றவை இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். பொம்மை அறை அந்தப் பரிசோதனைக்கு மாற்றல்ல. ஒரு விளையாட்டை மட்டும் வைத்து "இவளுக்கு இன்னது நடந்திருக்கிறது" என்று தீர்ப்பெழுதுவதும் ஆபத்து. பிள்ளைக்கு யாரோ தீங்கிழைத்திருப்பார்களோ என்ற சந்தேகம் இருந்தால், பிள்ளையைக் குடையாமல் இந்தியாவில் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416.

சிகிச்சை முடிந்து வெளியே வரும் பிள்ளையிடம் "உள்ளே என்ன பண்ணினே?" என்று துருவ வேண்டாம். தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். முன்னேற்றத்தைச் சிகிச்சையாளரிடம் தனியே பேசிக்கொள்ளலாம்.