ஸ்டீல் கிட்டாரும் தோழியின் செவியும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

கிட்டார் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது, தோளில் வாரை மாட்டிக்கொண்டு இடக்கை விரல்களால் தந்திகளை அழுத்தி வாசிக்கும் கருவியேயாகும். ஆலயப் பாடற்குழுக்களில் நாம் காண்பதும் அதுவே. அதே கிட்டாரை மடியில் கிடத்தி, விரலால் அழுத்தாமல், ஓர் எஃகுத் தண்டைத் தந்திகளின்மேல் வழுக்கி வாசிக்கும் முறை ஒன்று உண்டு. அதற்கு ஸ்டீல் கிட்டார் என்று பெயர். ஹவாய்த் தீவுகளில் தோன்றியமையால் ஹவாயன் கிட்டார் என்றும் அழைப்பர். கருவி முழுவதும் எஃகினால் செய்யப்பட்டது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. தந்தியின்மேல் ஓடும் எஃகுத் தண்டினால்தான் அப்பெயர் வந்தது.

இக்கருவியைக் கற்பது எளிதன்று. ஆர்வத்துடன் தொடங்கிச் சில மாதங்களில் விட்டுவிடுவோர் உண்டு. விடாமல் கற்றுப் புகழ்பெற்றோரின் வரலாற்றைப் படித்தாலோ, அவர்களுள் பலருக்கு அருகில் ஓர் உறவினரோ, உடன்பிறந்தவரோ, தோழரோ இருந்து வந்திருப்பதைக் காண்கிறோம். அது ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறந்த கதை

1830களில் மாடு மேய்க்கும் தொழிலுக்காக மெக்ஸிகோவிலிருந்து ஹவாய்க்கு வந்தவர்கள் தங்களுடன் கிட்டாரையும் கொண்டுவந்தனர். அத்தீவு மக்கள் அதனைத் தம் வீட்டுக் கருவியாகவே ஆக்கிக்கொண்டனர்.

ஓவாஹு தீவிலுள்ள லாயியே என்னும் ஊரில் 1874ஆம் ஆண்டு ஜோசப் கெக்குக்கு பிறந்தார். சிறுவனாக இருந்தபோது இருப்புப்பாதை ஓரத்தில் கிடந்த ஒரு போல்ட்டை எடுத்துக் கிட்டார் தந்தியில் இழுத்துப் பார்த்தார் என்றும், அப்போது எழுந்த வழுக்கும் நாதமே அனைத்திற்கும் தொடக்கம் என்றும் கூறுவர். பின்னர் சீப்பு, பேனாக்கத்தியின் முதுகு என்று பலவற்றையும் அவர் சோதித்தார். ஹொனலூலுவில் கமேஹமேஹா ஆண்கள் பள்ளியில் படித்த நாட்களில், இதற்கென்றே ஓர் எஃகுத் தண்டைச் செய்துகொண்டார். அவருடைய உறவினரான சாமுவேல் நைனோவா வயலின் வாசிப்பவர். வயலினிலும் மெட்டுகள் இல்லை. சுரம் சுரத்தோடு குழைந்து செல்லும். இருவரும் சேர்ந்தே வாசித்துப் பழகினர். கற்றுக்கொடுக்க ஆசிரியர் இல்லை. பார்த்துப் படிக்கப் புத்தகமும் இல்லை. கேட்டுச் சொல்ல உறவினர் ஒருவர் மட்டும் இருந்தார். இம்முறையில் தேர்ச்சிபெற அவருக்கு ஏழு ஆண்டுகள் ஆயின என்பர்.

கெக்குக்கு 1904ஆம் ஆண்டு ஹவாயை விட்டுப் புறப்பட்டு, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாசித்து, 1932ஆம் ஆண்டு அமெரிக்காவிலேயே காலமானார். 1915ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் ஹவாய்க் கலைஞர்களின் இசையைக் கேட்டவர்கள் வழியாக, இந்நாதம் அமெரிக்கா முழுவதும் பரவியது.

இந்தியாவில் பிறந்து ஹவாய்க்குச் சென்ற கேப்ரியல் டேவியன் என்பவரே இம்முறையை முதலில் கையாண்டவர் என்று கூறுவாரும் உண்டு. நம் தமிழ்நாட்டிலும் வீணையைப் போன்ற ஒரு கருவியில் மெட்டுகள் இல்லாமல், வழவழப்பான ஒரு கட்டையை ஓட்டி வாசிக்கும் கோட்டுவாத்தியம் இருக்கிறது. அதில் பெயர் பெற்ற பெண் கலைஞர் மன்னார்குடி சாவித்திரி அம்மாள். ஆகவே வழுக்கி வாசிக்கும் இந்த நாதம் நம் செவிக்கு அந்நியமானதன்று.

கருவியின் அமைப்பு

சாதாரணக் கிட்டாரில் தந்திகள் பலகைக்கு மிக அருகில் இருக்கும். விரலால் அழுத்தினால் தந்தி மெட்டின்மேல் படும். சுரம் தானே சரியாக அமையும். விரல் சற்று முன்பின் இருந்தாலும் மெட்டு அதனைத் திருத்திவிடும். ஸ்டீல் கிட்டாரில் தந்திகள் உயர்த்திக் கட்டப்பட்டிருக்கும். தண்டு தந்தியை அழுத்துவதில்லை. அதன்மேல் பட்டும் படாமலும் தங்குகிறது. பலகையிலுள்ள கோடுகள் வெறும் அடையாளங்களே. எனவே திருத்தி உதவ மெட்டு இல்லை. வலக்கைக் கட்டைவிரலிலும் மற்ற இரு விரல்களிலும் பிக் மாட்டிக்கொண்டு தந்திகளை மீட்ட வேண்டும்.

தந்திகளுக்குச் சுருதி கூட்டுவதிலும் வேறுபாடு உண்டு. தொடக்கநிலை மாணவர்கள் பெரும்பாலும் பயிலும் ஓர் அமைப்பில் ஆறு தந்திகளும் ப, ஸ, ப, ஸ, க, ப என்று கீழிருந்து மேலாகக் கூட்டப்படுகின்றன. தண்டை நேராக வைத்து ஐந்தாம் கோட்டுக்குச் சென்றால் ஸ்வரக்கூட்டம் முழுவதும் மத்திமத்திற்கு நகரும். ஏழாம் கோட்டில் பஞ்சமத்திற்கும், பன்னிரண்டாம் கோட்டில் மேல் ஷட்ஜமத்திற்கும் நகரும். மூன்று இடங்கள் தெரிந்தால் ஓர் எளிய பாட்டுக்குத் துணையாக வாசித்துவிடலாம். தொடங்குபவர்களை மயக்குவது இந்த எளிமைதான்!

தொல்லைகள் யாவை?

முதல் தொல்லை ஓசை. தண்டு தந்தியில் படும்போது கடகடவென்று சத்தமிடும், நகரும்போது கீச்சிடும். கையை உறுதியாகவும் மென்மையாகவும் ஒரே நேரத்தில் வைக்கப் பழகும்வரை வீட்டார் பொறுமை காக்க வேண்டும். எங்கள் பாட்டி முதல் வாரத்தில், "பூனையைக் கதவிடுக்குல நசுக்கிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே கூடத்திற்கு வந்துவிட்டார்.

இரண்டாவது தொல்லை, ஒலியை நிறுத்துவது. ஒரு தந்தியை மீட்டிவிட்டு அடுத்த தந்திக்குச் சென்றால் முதல் தந்தி ஒலித்துக்கொண்டே இருக்கும். தண்டு நகரும்போது அதுவும் கூடவே ஊளையிடும். வலது உள்ளங்கையின் ஓரத்தால் அதனை உடனுக்குடன் அடக்க வேண்டும். தண்டுக்குப் பின்னால் இடக்கையின் கடைசி விரல்கள் தந்தியைத் தடவிக்கொண்டே வர வேண்டும். மீட்டுவதைவிட அடக்குவதைக் கற்கவே நாள் அதிகம் ஆகும்.

மூன்றாவதுதான் பெருந்தொல்லை. அது சுருதி. 60 சென்டிமீட்டர் நீளமுள்ள தந்தியில் முதற்கோடு தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 3.4 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். பதினோராம் கோட்டுக்கும் பன்னிரண்டாம் கோட்டுக்கும் இடைவெளி ஏறத்தாழ 1.8 சென்டிமீட்டர்தான். மேலே செல்லச் செல்லக் கோடுகள் நெருங்குகின்றன. அங்கே தண்டு 2 மில்லிமீட்டர் விலகினால், அரைச்சுரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு பிசகிவிடும். 2 மில்லிமீட்டர் என்பது பென்சில் முனை அகலம். கண்ணுக்கு அது பெரிதன்று. செவிக்கோ மிகப் பெரிது. மேலும் உட்கார்ந்து பார்க்கும் கோணத்தால் கண் ஏமாறும். தண்டைச் சற்றுச் சாய்த்து இரு தந்திகளை வெவ்வேறு கோடுகளில் பிடிக்கும்போது, இரண்டு இடங்களில் சரியாக இருக்க வேண்டியதாகிறது.

தன் செவி ஏன் போதாது?

"நமக்கும் செவி இருக்கிறதே, நாமே கேட்டுத் திருத்தலாமே" என்று கேட்கலாம். இங்கேதான் சிக்கல் உள்ளது. தொடக்கத்தில் நம் கவனம் முழுவதும் கைகளில் இருக்கிறது. மனத்திற்குள் ஒலிக்கும் பாட்டையே வாசித்த பாட்டாக எண்ணி மகிழ்கிறோம். இன்று கைபேசியிலேயே சுருதியைக் காட்டும் வசதி உண்டு. தந்திகளைக் கூட்ட அது மிகவும் உதவும். ஆனால் வாசிக்கும்போது அதனையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் வேலை செய்யும், செவி உறங்கிவிடும்.

இதற்கு நல்ல வழி இருவராகப் பயில்வது. ஒருத்தி ஆர்மோனியத்தில் ஒரே சுரத்தை விடாமல் பிடிக்க வேண்டும். மற்றவள் கண்ணை மூடிக்கொண்டு தண்டை மெல்ல நகர்த்தி அச்சுரத்தை அடைய வேண்டும். இயற்பியலில் விம்மல்கள் என்று ஒன்று உண்டு. ஒரு சுரம் வினாடிக்கு 440 அதிர்வுகளும் மற்றொன்று 443 அதிர்வுகளும் கொண்டிருந்தால், ஒலி வினாடிக்கு மூன்று முறை ஏறி இறங்கும். சுரங்கள் நெருங்க நெருங்க அந்த விம்மல் மெதுவாகும். இரண்டும் ஒன்றானதும் விம்மல் நின்றுவிடும். அந்த அமைதியை ஒருமுறை கேட்டவர்கள் அதனை மறப்பதில்லை. அதன்பின் சரியான இடத்தைச் செவியே தேடும்.

நானும் என் தோழியும் பயிலும் கிட்டார் அவளுடைய மாமாவின் பழைய கிட்டார். இருவருக்கும் அது ஒன்றுதான். ஆகவே ஒருத்தி வாசிக்கும்போது மற்றவள் கேட்டே ஆக வேண்டும். ஒருநாள் அவள் மிகவும் விரும்பிய மாதா பாடலை வாசித்து முடித்தாள். மேல்ஸ்தாயி முழுவதும் சற்றுக் குறைந்தே ஒலித்தது. "மேல சுருதி சேரலடி" என்றேன். அவள் பதில் பேசவில்லை. கிட்டாரை உறையிலிட்டுக்கொண்டு போய்விட்டாள். நான்கு நாட்கள் வகுப்பிலும் என்னுடன் பேசவில்லை. ஐந்தாம் நாள் மாலை கிட்டாருடன் வந்து என் முன் அமர்ந்தாள். "வீட்டில எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்றாங்க. நீ மட்டும்தான் சொன்ன. ஆர்மோனியத்தைப் பிடி" என்றாள். அன்று ஒரே ஒரு வரியை இருட்டும்வரை வாசித்தோம். மறுநாளிலிருந்து என் வாசிப்பில் அவள் எதையும் விட்டுவைப்பதில்லை!

"நன்றாயிருக்கிறது" என்று சொல்பவர்கள் நமக்கு மகிழ்ச்சி அளிக்கிறார்கள். ஆனால் "இன்னும் ஒரு நூல் மேலே" என்று சொல்பவள்தான் நம்மை வாசிக்கச் செய்கிறாள். அப்படிச் சொல்வதற்கு அவளுக்கும் துணிவு வேண்டும். கேட்பதற்கு நமக்கும் மனம் வேண்டும். இவ்வாறு இந்தத் தொல்லைகளே நட்பை வளர்க்கின்றன.

உலகெங்கும் இதே கதை

1915ஆம் ஆண்டு சிகாகோவில் பிறந்த லெட்ரிஷியா கேண்டில் என்னும் பெண்மணி, இளமையிலேயே ஸ்டீல் கிட்டார் கற்று, பெண்கள் மட்டுமே கொண்ட 'கொஹாலா கேர்ல்ஸ்' என்னும் குழுவுடன் மேடையேறினார். 1937ஆம் ஆண்டு 26 தந்திகள் கொண்ட ஒரு பெரிய மின் ஸ்டீல் கிட்டாரையும் வடிவமைத்தார்.

அமெரிக்காவில் கறுப்பின மக்களின் 'ஹவுஸ் ஆஃப் காட்' என்னும் சபையில், 1930களிலிருந்து வழிபாட்டில் ஸ்டீல் கிட்டார் ஒலித்து வருகிறது. ட்ரோமன் ஈசன் என்பவர் ஒரு ஹவாய்க் கலைஞரிடம் முறையாகப் பயின்று அதனைக் கொண்டுவந்தார். அவருடைய தம்பி வில்லி ஈசன் அண்ணன் வாசிப்பதைக் கேட்டே கற்று, மக்கள் பாடும் குரலைப் போலவே தந்தியைப் பாடவைத்தார்.

நம் நாட்டிற்கும் இக்கருவி தோழமையின் வழியாகவே வளர்ந்தது. சமோவாவில் பிறந்து, கெக்குக்குவின் ஊராகிய லாயியேயில் வளர்ந்த டாவ் மோ, தம் குடும்பத்துடன் உலகைச் சுற்றி வாசித்தவர். 1940களில் கல்கத்தாவில் தங்கி, வாசித்தும் கற்பித்தும் வந்தார். பின்னர் பிரிஜ் பூஷண் கப்ரா இக்கருவியில் இந்துஸ்தானி இசையை வாசித்துப் புகழ்பெற்றார். கிட்டாரில் கூடுதல் தந்திகளைப் பொருத்தி மோகன வீணை என்று பெயரிட்ட விசுவ மோகன் பட், அமெரிக்கக் கலைஞர் ரை கூடருடன் சேர்ந்து வாசித்த இசைத்தட்டு 1994ஆம் ஆண்டு கிராமி விருது பெற்றது. அது 1992ஆம் ஆண்டு கலிபோர்னியாவில், புனித அந்தோனியார் குருமடத்தின் கிறிஸ்து அரசர் சிற்றாலயத்தில் பதிவு செய்யப்பட்டது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். அதற்கு முன் அவ்விருவரும் சேர்ந்து வாசித்ததே இல்லை. ஆயினும் ஒருவரையொருவர் கூர்ந்து கேட்டதால் இரு நாட்டு இசையும் அங்கே இணைந்தது.

கற்க விரும்புவோருக்கு

தோழிகளே, நீங்கள் இக்கருவியைக் கற்க விரும்பினால் சிலவற்றை நினைவிற்கொள்ளுங்கள். நாள்தோறும் அரைமணி நேரம் போதும். வாரத்தில் ஒருநாள் மட்டும் மூன்று மணி நேரம் வாசிப்பதால் பயனில்லை. முதல் மாதம் பாட்டு வேண்டாம். ஒரு சுரத்தைச் சரியாகப் பிடியுங்கள். குரலில் அந்த வரியைப் பாடிய பிறகே தந்தியில் தேடுங்கள். சுரம் நிலைபெறும் முன்னர்த் தண்டை அசைத்து நடுக்கம் கொடுக்காதீர்கள். நடுக்கம் பிசகை மூடி மறைக்கும். எல்லாவற்றிற்கும் மேலாக, உண்மையைச் சொல்லும் ஒரு தோழியை உடன் அமர்த்திக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் மூன்று மாதங்கள் செவிக்குச் சோதனையாகவே இருக்கும். கதவை வேண்டுமானால் சாத்திக்கொள்ளுங்கள். கிட்டாரைப் பரண்மேல் ஏற்றிவிடாதீர்கள்.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பர். ஸ்டீல் கிட்டாரிலோ ஒரு மயிரிழை நகர்த்தவே ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஆண்டுகளை நம்முடன் அமர்ந்து கேட்டுக் கழிக்க ஒருத்தி கிடைப்பாளாயின், அவள் இறைவன் தந்த கொடை. இசையின் பாதுகாவலியாகிய புனித செசிலியாவின் திருநாளான நவம்பர் 22 அன்று, பாடுவோருக்காகவும் வாசிப்போருக்காகவும் மன்றாடும்போது, அருகிலிருந்து பொறுமையாய்க் கேட்பவர்களுக்காகவும் மன்றாடுவோமாக.