நேரு ஸ்டேடியம்: கோல் போஸ்டுக்கும் கேலரிக்கும் நடுவே 36 மீட்டர்

சென்னை நேரு ஸ்டேடியத்தில் மேட்ச் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்கிற குறை ஒன்று உண்டு: "பந்து எங்கேயோ தூரத்துல ஓடுது சார்." இந்தத் தூரம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம்.

முதலில் இடத்தின் கதை. சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கினால் பொடிநடையாகப் போய்விடலாம், பெரியமேடு பக்கம். 1859-ல் ஆளுநர் ட்ரெவெல்யன் காலத்தில் உருவான பீப்பிள்ஸ் பார்க்கின் ஒரு பகுதி இது. ரிப்பன் மாளிகை, விக்டோரியா ஹால், பழைய மூர் மார்க்கெட் எல்லாமே அந்தப் பூங்கா நிலத்தில் எழுந்தவைதான்.

அப்போது இதன் பெயர் கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956 முதல் 1965 வரை 9 டெஸ்ட் போட்டிகள் இங்கே நடந்தன. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது இந்த மண்ணில்தான். 2008 வரை 52 வருடம் நின்ற உலக சாதனை அது. பிறகு டெஸ்ட் கிரிக்கெட் சேப்பாக்கத்துக்கே திரும்பிவிட்டது.

இப்போதுள்ள அரங்கம் 1993-ல் வந்தது. சுமார் 40,000 பேர் உட்காரலாம். அந்த வருடம் நேரு கோப்பை கால்பந்து மெட்ராஸில் நடந்தது. வட கொரியா ஜெயித்தது. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள். 2014-லிருந்து ஐஎஸ்எல்-லில் சென்னையின் எஃப்சி-க்குச் சொந்த மைதானம். ஐஎஸ்எல் வட்டாரத்தில் மெரினா அரினா என்றும் சொல்வார்கள்; கடற்கரை என்னவோ கொஞ்சம் தள்ளித்தான்!

சரி, கணக்குக்கு வருவோம். தடகளத் தரநிலைப்படி 400 மீட்டர் ஓடுபாதையின் நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர். அப்படியானால் உள்ளே கிடைக்கும் இடம் நீளவாக்கில் 157.39, அகலவாக்கில் 73 மீட்டர். கால்பந்து ஆடுகளம் 105-க்கு 68. அதை நடுவில் வைத்தால் ஒவ்வொரு கோல் கோட்டுக்கும் பின்னால் 26 மீட்டர் சும்மா கிடக்கும். எட்டு லேன் ஓடுபாதைக்கு இன்னொரு 9.76 மீட்டர். ஆக, முதல் வரிசை ரசிகனே குறைந்தது 36 மீட்டர் தள்ளித்தான் உட்காரணும். பக்கவாட்டில் இது 12 மீட்டர்தான். அதனால் டிக்கெட் எடுக்கும்போது பக்கவாட்டு ஸ்டாண்டாகப் பாருங்கள்.

இன்னொரு வேடிக்கை: வளைவு உள்வாங்குவதால், கார்னர் கொடிக்கும் ஓடுபாதைக்கும் இடையே அகலவாக்கில் மிஞ்சுவது சுமார் 1 மீட்டர். கொஞ்சம் தப்பினால் ஆடுகளம் உள்ளே அடங்காது!

கால்பந்துக்கு மட்டும் கட்டியிருந்தால் இந்தத் தூரம் இருந்திருக்காது. ஆனால் ஓடுபாதை இல்லாமல் தடகளமும் இல்லை. 2019-ல் பிறந்த எங்கள் கள்ளக்குறிச்சி மாதிரி மாவட்டங்களுக்கு இது முக்கியமான பாடம். விளையாட்டுக்கு ஒரு மைதானம் என்று கட்டிக்கொண்டிருக்க நமக்குக் கட்டுப்படியாகாது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளை ஓடவும் வேண்டும், கீழே இருக்கிற பிள்ளை பந்து உதைக்கவும் வேண்டும். பார்க்கிறவனுக்கு 36 மீட்டர் நஷ்டம் என்றாலும், ஆடுகிறவர்களுக்கு இரண்டு மைதானம் லாபம். என் ஓட்டு ஓடுபாதைக்குத்தான்.